பாதிச் செய்தி

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? உனக்கு உடனே பதில் போட முடியாமல் போனதற்கு வீட்டில் நடந்த ஒரு சண்டைதான் காரணம். போனில் சொல்ல மனம் வரவில்லை. பாதி சொல்லி, பாதியை விழுங்கிவிடுவேன். இந்த வினையே அப்படித்தான் வந்தது.

அண்ணன் மகன் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரில் விவசாயத்தில் இறங்கியது உனக்குத் தெரியும். இந்தக் குறுவைக்கு கோ 51 ரக நெல் நட்டிருந்தோம். ஆற்றுத் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது, மீதிக்கு போர் மோட்டார். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் வைக்கலாம் என்றான் பையன். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் பாதி புதைத்து வைப்பது. மேல்மண் காய்ந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் மட்டம் தெரியும். அது தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும், பூக்கிற சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். நல்ல முறைதான். எனக்குப் பிடித்திருந்தது.

பையன் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போனான். போகும்போது அண்ணியிடம், "இன்னும் ரெண்டு நாள் ஈரம் இருக்கு, மோட்டார் போட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிடுங்கம்மா" என்றானாம். அடுப்படி வேலையில் இருந்த அண்ணி, "மோட்டார் போடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்" என்று மட்டும் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் வயலுக்குப் போய்ப் பார்த்தால் மண் கீறல் விட்டுக் கிடக்கிறது.

அவர் குணம்தான் உனக்குத் தெரியுமே. குழாய்களைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார், ஒன்றை மண்வெட்டியால் அடித்தே உடைத்தார். ராத்திரி முழுக்க மோட்டாரை ஓட விட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பையனுக்குப் போன் போட்டு, "எனக்கு உத்தரவு போட நீ யாரு? உனக்கு இந்த நிலத்தில் வேலை இல்லை, சென்னைக்கே போ" என்று கத்தினார். களத்தில் ஆட்கள் எல்லோரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் வந்து, உடைந்த குழாயைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, செழிப்பாகத்தான் நிற்கிறது.

அண்ணன் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது, சம்பா கருகியதை அந்த வரப்பில் நின்று பார்த்தவர் அவர். 2017 ஜனவரியில் வறட்சி மாநிலம் என்று அரசு அறிவித்ததற்கு முன்பே எங்கள் வயலில் மாட்டை விட்டு மேய்த்தாயிற்று. மண்ணில் கீறலைக் கண்டால் அவருக்கு அடிவயிறு கலங்கும். பையனோ தண்ணீரை மிச்சம் பிடிக்கும் வழி என்று மட்டுமே அதைப் பார்த்தான். ஒரு நாள் அப்பாவை வயலுக்குக் கூட்டிப்போய்க் குழாய்க்குள் காட்டியிருக்கலாம்.

கீழ்வயலில் ஒரு குழாய் அண்ணன் கண்ணில் படாமல் தப்பியிருந்தது. மோட்டார்த் தண்ணீரும் அங்கே போகவில்லை. இரண்டு நாள் கழித்து என்னைக் கூட்டிக்கொண்டு போய், அதற்குள் ஒரு தென்னை ஈர்க்கை விட்டு எடுத்தார். நுனியில் நாலு விரல் நீளத்துக்கு ஈரம். அதைத் தடவிப் பார்த்தபடி, "பிள்ளை கணக்காத்தான் செஞ்சிருக்கான்டா" என்றார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. போனைக் கையில் எடுப்பார், பிறகு கீழே வைத்துவிடுவார்.

உன்னை விட்டுப் பையனிடம் பேசச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். வேண்டாம். இன்னொரு வாய் வழியாக எதுவும் போக வேண்டாம். "நேரில் போய்ச் சொல்லுங்கள்" என்று அண்ணனிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் கிளம்புகிறார், விடிகாலையில் தாம்பரத்தில் இறங்குவார்.

நீ ஸ்டேஷனுக்கு வந்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போ. குளித்துச் சாப்பிட்ட பிறகு பையனின் ரூம் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடு. உள்ளே போகாதே, அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, காப்பியில் சீனி போட வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உன் நண்பன்