மார்கழியில் பூக்கும் மல்லி

திருமங்கலம்,
மார்கழி 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியைப் பற்றி எழுதமாட்டேன். ஆரம்பித்தால் அதுவே நாலு பக்கம் வரும். பனி இறங்கிவிட்டது. நேற்று விடியுமுன் டார்ச் லைட்டோடு போய் அரை ஏக்கரையும் தடவியதில் முக்கால் கிலோ மொட்டுதான் தேறியது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ 2,800 ரூபாய். சித்திரையில் பத்துக் கிலோ கொண்டுபோனாலும் 200 ரூபாய்க்குத்தான் கேட்பார்கள்.

உன் மகள் செடிகளின் மரபணுவைத் திருத்தும் ஆய்வகத்தில் சேர்ந்ததில் எனக்கும் பெருமைதான். பனியிலும் பூக்கும் மல்லியை ஒருநாள் உருவாக்கலாம் என்கிறாளாமே. கடவுள் வேலையில் கைவைக்கலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கு அந்த உறுத்தல் இல்லை. நம் மல்லி பெரும்பாலும் விதையே பிடிக்காது. தங்கச்சிமடத்தில் குச்சி நட்டு வளர்த்த கன்றை வாங்கித்தான் நானும் வைத்தேன். மனிதன் கை படாமல் இது இத்தனை காலம் வந்திருக்குமா?

எனக்கு உறுத்துவது வேறு. 2010இல் அமெரிக்காவில் கிரெய்க் வென்டர் என்ற விஞ்ஞானியின் குழு ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் ஆய்வகத்தில் கோத்து, இன்னொரு பாக்டீரியாவின் கூட்டுக்குள் வைத்துப் பெருகச் செய்தது. 2016இல் வேண்டாததையெல்லாம் கழித்து 473 மரபணுக்களில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவற்றில் 149 என்ன வேலை செய்கின்றன என்று அவர்களுக்கே அப்போது தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பரண் மாதிரிதான்: எதற்கென்று தெரியாது, தூக்கிப் போட்டால் மறுநாளே தேவைப்படும். ஒரு பாக்டீரியாவே இப்படியென்றால், செடியில் ஒன்றைத் தொட்டால் மணம் மாறாது என்று யார் சொல்வது?

காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தியும் போட்டுப் பார்த்தவன் நான். முதல் சில வருஷம் மருந்தடிப்பு நன்றாகவே குறைந்தது; இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்குப் பழகிக்கொண்டது. விதையை மட்டும் வருஷா வருஷம் கடையில் வாங்கவேண்டியதாயிற்று.

அதனால் உன் மகளிடம் ஒன்று கேட்டு எழுது. அந்தக் கன்று யாருக்குச் சொந்தம்? கிளையை வளைத்து மண் மூடிப் பதியன் போட்டுப் பக்கத்துத் தோட்டக்காரனுக்கு நான் கொடுக்கலாமா? எல்லாருக்கும் மார்கழியில் பூத்தால் 2,800 ரூபாய் எங்கிருந்து வரும் என்பது தனி. இந்த இரண்டு மாதப் பஞ்சத்தில்தான் என் வருஷக் கணக்கே நேராகிறது.

இதுவரை எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். “உங்களுக்குப் பஞ்சத்தில் விலை கிடைக்கிறது. பூக் கட்டுகிறவளுக்கு இரண்டு மாதம் கூலி ஏது?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பங்குனியில் மகளையும் கூட்டிக்கொண்டு வா. நாலு மணிக்கு எழுப்பிவிடுவேன், சொல்லிவை.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுத் தோழன்