சிறிய தாய்லாந்து உணவகத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் உணவக விமர்சனங்களைத் தவறாமல் படித்து வருகிறேன். அண்மையில் ஒரு சிறிய தாய்லாந்து உணவகத்தைப் பற்றி வெளியான விமர்சனம், அங்கே பத்துப் பன்னிரண்டு வகைகளே கிடைக்கின்றன, பாட் தாய் எனும் வாணலியில் வறுத்த நூடுல்ஸ்கூடக் கிடையாது, கேட்ட உணவு மேசைக்கு வர நெடுநேரமாகிறது என்று மூன்று காரணங்களைக் காட்டி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தது. என் கணிப்பில் அந்த மூன்றுமே அப்படிப்பட்ட ஓர் உணவகத்தை நம்பி உள்ளே நுழைவதற்கான காரணங்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பாட் தாய் இல்லாத தாய்லாந்து உணவகமா என்ற வியப்பு, அந்த நூடுல்ஸின் வரலாற்றைப் பார்த்தால் தானாகவே அடங்கிவிடும். சயாம் என்றிருந்த நாட்டின் பெயர் 1939இல் தாய்லாந்து என மாற்றப்பட்ட காலத்தில், பிரதமர் பிபுன் சோங்கிராமின் அரசு தேசிய அடையாளம் ஒன்றைக் கட்டியெழுப்பும் முனைப்பில் மக்களை நூடுல்ஸ் உண்ணும்படி ஊக்குவித்தது. சீனர்கள் கொண்டுவந்த வாணலிச் சமையல் முறையில் உருவான பாட் தாய் நாடெங்கும் பரவியது அந்தச் சூழலில்தான். பிறகு 2002இல் தாய்லாந்து அரசு, வெளிநாடுகளில் ஏறத்தாழ 5,500ஆக இருந்த தன் நாட்டு உணவகங்களை 8,000ஆகப் பெருக்கும் நோக்கத்தோடு தனித் திட்டமே தொடங்கியது. திட்டம் பலித்தது என்பதில் ஐயமில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் பச்சை நிறக் குழம்பு, பாட் தாய், தோம் யாம் எனும் புளிப்புக் காரச் சூப் ஆகிய மூன்றும் கிடைத்துவிடுகின்றன. இறால் போட்ட தோம் யாம் 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அந்த வெற்றியின் நிழலில் மறைந்துபோனவை அந்நாட்டின் வட்டாரச் சமையல்கள்.

வடகிழக்கிலுள்ள ஈசான் பகுதியில் தேங்காய்ப்பாலுக்கு அவ்வளவாக வேலையில்லை. ஆவியில் வெந்த பசையரிசிச் சோற்றைக் கையால் உருட்டி, சுட்ட கோழியோடும், வறுத்துப் பொடித்த அரிசி தூவிய லாப் எனும் கொத்திறைச்சியோடும் அங்கே உண்கிறார்கள். வடக்கே சியாங் மாயில் குழம்பில் மிதக்கும் நூடுல்ஸின் மேல் பொரித்த நூடுல்ஸைப் பரப்பிய காவோ சோய்தான் பெயர்பெற்றது. தெற்கே போனால் மஞ்சளும் மிளகாயும் தூக்கலாக, மீன் குடலைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய குழம்பு வரை எல்லாமே ஓங்கி அடிக்கும் சுவை. இவற்றில் ஒரு வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர் நான்கைந்து மேசைகளோடு கடை நடத்தும்போது, தமக்குக் கைவந்த பத்து உணவுகளை மட்டும் சமைப்பதே நேர்மை. எண்பது வகைகளைப் பட்டியலிடும் கடையில், ஒரே பொட்டலத்து விழுது மூன்று வண்ணக் குழம்புகளுக்குள்ளும் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

தாமதத்தைப் பற்றிய புகாருக்கு வருகிறேன். இத்தகைய கடையின் அடுப்படி பெரும்பாலும் மேசையிலிருந்தே தெரியும். விமர்சகர் கைக்கடிகாரத்தைப் பார்த்த நேரத்தில் அங்கே சற்றுப் பார்த்திருக்கலாம். சோம் தாம் எனும் பச்சைப் பப்பாளி சாலடை எடுத்துக்கொள்வோம். மண் உரலில் முதலில் பூண்டும் மிளகாயும் மட்டும் இடிபடும். அடுத்துப் பனைவெல்லம், நீளப் பயற்றங்காய், தக்காளி. பிறகு எலுமிச்சைச் சாறும் மீன் சாஸும். கடைசியாகத்தான் சீவிய பப்பாளி விழும். அப்போது வலக்கையில் மர உலக்கை மெல்லத் தட்ட, இடக்கையிலுள்ள நீண்ட கரண்டி அடியிலிருப்பதை மேலே புரட்டிக்கொண்டே இருக்கும். பப்பாளி நசுங்கவும் கூடாது, சாறு ஏறாமல் விறைத்தும் நிற்கக் கூடாது. ஓர் உரலில் ஒன்றிரண்டு தட்டுக்கு மேல் இடிக்க முடியாதென்பதால் அடுத்த மேசைக்காரர் காத்திருக்கத்தான் வேண்டும். பாங்காக்கின் பழைய நகரில், நம் திருவெம்பாவை ஓதப்பட்ட ஊஞ்சல் விழா ஒருகாலத்தில் நடந்த பெரிய ஊஞ்சலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜே ஃபாய் என்ற கடை இருக்கிறது. அதன் உரிமையாளரான மூதாட்டி சுபின்யா ஜுன்சுட்டா, பனிச்சறுக்கு வீரர்கள் அணியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரியடுப்பின் முன் நின்று, ஒவ்வொரு தட்டையும் தாமே சமைத்துப் பெயர்பெற்றவர். உணவகங்களுக்கு நட்சத்திரத் தரம் வழங்கும் மிஷெலின் வழிகாட்டி, பாங்காக்குக்கென 2017 இறுதியில் முதன்முதலாக வெளியானபோதே அந்தத் தெருவோரக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அவருடைய நண்டு ஆம்லெட்டுக்காகப் பல மணி நேரம் காத்திருப்பவர்களை யாரும் அப்பாவிகள் என்று சொல்வதில்லை.

சாப்ஸ்டிக் தரவில்லை என்றும் விமர்சனத்தில் ஒரு வரி இருந்தது. தாய்லாந்தில் சோறும் குழம்பும் வலக்கையில் தேக்கரண்டி, அதன்மேல் உணவை ஒதுக்கிவிட இடக்கையில் முள்கரண்டி என்ற முறையில் உண்ணப்படுகின்றன. குச்சிகள் நூடுல்ஸ் சூப்புக்குத்தான் வரும். ஆளுக்கொரு தட்டு வரவழைத்துத் தனித்தனியே உண்டதாகவும் விமர்சகர் எழுதியிருக்கிறார். நான்கைந்து வகைகளை மேசை நடுவில் வைத்து, எல்லோரும் சோற்றோடு சிறிது சிறிதாக எடுத்துக்கொள்வதே அந்தச் சமையலின் கணக்கு. புளிப்பான ஒன்றை இனிப்பும் கொழுப்புமான இன்னொன்று சமன்செய்யும்படி அமைந்த உணவில் ஒன்றை மட்டும் தனியே உண்டுவிட்டுப் புளிப்பு மிகுதி என்பது நியாயமாகாது.

கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் வேறொன்று உண்டு, அதை விமர்சனம் தொடவே இல்லை. சில சிறிய கடைகளில் சைவம் என்று சொல்லிப் பரிமாறும் குழம்பில் இறைச்சி இருக்காது, ஆனால் அரைத்த விழுதிலேயே இறால் விழுது சேர்ந்திருக்கும், மேலே மீன் சாஸும் ஊற்றப்பட்டிருக்கும். நான் உண்ட ஒரு கடையில், கேட்ட பிறகுதான் இதைச் சொன்னார்கள். கேட்காதவர்கள் என்ன செய்வார்கள்? சோம் தாமில் வேர்க்கடலையும் உலர்ந்த இறாலும் வழக்கமாகச் சேர்வதால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உடல்நலப் பிரச்சினையும்கூட. இதைச் சைவமாகச் சமைக்கத் தெரியாதவர்களின் குறை என்று விட்டுவிடவும் முடியாது. சந்திர மாதக் கணக்கில் ஒன்பதாம் மாதத்தில் சீன வம்சாவளியினர் நோற்கும் ஒன்பது நாள் விரதத்தின்போது, மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்திட்ட கடைகளில் மீன் சாஸ் மட்டுமன்றிப் பூண்டும் வெங்காயமும் இல்லாத சமையல் தாய்லாந்து எங்கும், குறிப்பாகப் புக்கெட்டில், விமரிசையாக நடக்கிறது. அவை இல்லாமல் சமைக்க முடியும் என்பதால்தான் முன்கூட்டியே சொல்லும் பொறுப்பும் கடைக்காரருக்கு இருக்கிறது.

ஆகவே இனி வரும் விமர்சனங்களில், சமைப்பவர் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர், விழுதைக் கடையிலேயே இடிக்கிறார்களா, மீன் சாஸும் இறாலும் எவற்றில் சேர்கின்றன, கேட்டால் அவை இல்லாமல் சமைத்துத் தருவார்களா என்பவற்றை விசாரித்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். உட்புற அலங்காரத்துக்கு ஒதுக்கும் இரண்டு பத்திகளைச் சுருக்கினாலே அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்