சர்வர் வாசலோடு விதி நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூரைகளில் ஏறும் சூரியத் தகடுகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவற்றின் மின்சாரத்தை வீட்டுக்கும் மின்கட்டமைப்புக்கும் ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர்களின் உற்பத்தியை இணையம் வழியே யார் குறைக்கலாம், யார் நிறுத்தலாம், எந்த வரம்புக்குள் செய்யலாம் என்று வகுக்கும் விதிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த விதிகள் எழுதப்படும் விதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

லட்சக்கணக்கான இன்வெர்ட்டர்களோடு ஒரு மின்விநியோக நிறுவனம் தனித்தனியே பேச முடியாது. அதனால் நடுவில் அக்ரிகேட்டர் எனப்படும் திரட்டு நிறுவனம் வருகிறது. பெரும்பாலும் அது இன்வெர்ட்டர் தயாரிப்பாளராகவோ, பேட்டரிகளை நிர்வகிக்கும் மென்பொருள் நிறுவனமாகவோ இருக்கும். மின் நிறுவனத்தின் சர்வர் ஒரே இணைப்பில் கட்டளையைக் கொடுக்கும். அக்ரிகேட்டர் தன் கிளவுட் வழியாக அதை வீடுவீடாகப் பிரித்து அனுப்பும். இதற்கு முதலில் விரிவாக விதி எழுதிய இடங்களில் ஒன்று கலிஃபோர்னியா. இவற்றை மின்கட்டமைப்போடு இணைப்பதற்கான அங்குள்ள 'விதி 21'-இன்படி, மின் நிறுவனத்துக்கும் அக்ரிகேட்டருக்கும் இடையே ஐஇஇஇ (IEEE) என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த 2030.5 என்ற தகவல் நெறிமுறைதான் அடிப்படை. அக்ரிகேட்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே எந்த மொழியில் பேசுவது என்பது அக்ரிகேட்டரின் விருப்பம். முதல் பாதிக்குச் சான்றிதழ் உண்டு, சோதனை உண்டு. தவறுகள் நேர்வதோ பெரும்பாலும் இரண்டாம் பாதியில்.

ஓர் உதாரணம் போதும். 2030.5-இல் 'அதிகபட்ச உற்பத்தி வரம்பு' சதவீதத்தின் நூறில் ஒரு பங்காக எழுதப்படும். 50 சதவீதம் என்றால் 5000 என்று வரும். இதை அக்ரிகேட்டரின் மென்பொருள் 5000 வாட் என்று புரிந்துகொண்டால் என்ன ஆகும்? சோதனை மேசையில் 10 கிலோவாட் இன்வெர்ட்டர் இருந்தால் எதுவும் தெரியாது. அதில் பாதி என்பதும் 5000 வாட்தான், சோதனை தேறிவிடும். அதே மென்பொருள் 3 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு 5000 வாட் வரம்பு போடும்போது, அது வரம்பே இல்லாததற்குச் சமம். கட்டளை போய்ச் சேர்ந்தது என்று பதிலும் வரும். மின் நிறுவனத்தின் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் ஃபீடர் என்ற மின்பாதையில் ஒன்றும் குறைந்திருக்காது.

இதைவிட மோசமானது, மின்னழுத்தத்தை ஏற்ற இறக்க உதவும் ரியாக்டிவ் பவரில் கூட்டல் கழித்தல் குறி மாறிப்போவது. ஐஇஇஇ 1547-2018 தரத்தில் பி வகை இன்வெர்ட்டருக்கான வோல்ட்-வார் வளைவை, அதாவது எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு ரியாக்டிவ் பவர் என்ற கணக்கை, எடுத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் இயல்பு அளவில் 98 முதல் 102 சதவீதத்துக்குள் இருந்தால் இன்வெர்ட்டர் சும்மா இருக்க வேண்டும். 92 சதவீதத்துக்கு இறங்கினால் தன் விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனில் 44 சதவீதம் வரை ரியாக்டிவ் பவரைக் கொடுக்க வேண்டும். 108-க்கு ஏறினால் அதே அளவு உறிஞ்ச வேண்டும். குறி மாறினால், ஏறுகிற மின்னழுத்தத்தை இன்வெர்ட்டரே இன்னும் ஏற்றிவிடும். ஒரே மின்மாற்றியின் கீழ் பத்து வீடுகள் இப்படிச் செய்தால், அந்தத் தெருவின் இன்வெர்ட்டர்கள் உயர் மின்னழுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொள்ளும். பழியோ மின்மாற்றியின் மேல் விழும்.

ஆகவே சோதனை இன்வெர்ட்டரின் முனையில் நடக்க வேண்டும் என்கிறோம். செய்முறை கடினமானதல்ல. களத்தில் ஓடிக்கொண்டிருக்கும், வெவ்வேறு திறனும் வெவ்வேறு மாடலும் உள்ள இன்வெர்ட்டர்களை மின் நிறுவனமே தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல வெயில் நேரத்தில் இன்வெர்ட்டரின் மாறுமின் (ஏசி) முனையில் தனி மீட்டரை மாட்ட வேண்டும். இன்வெர்ட்டர் தானே காட்டும் எண்ணை நம்பக் கூடாது. தவறாகப் புரிந்துகொண்ட கட்டளையை அது தவறாகவே திருப்பிச் சொல்லும். பிறகு மின் நிறுவனத்தின் சர்வரிலிருந்து 70 சதவீதம், 30 சதவீதம், 0, விடுவிப்பு என்று வரிசையாக அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் கட்டளை கிளம்பிய நேரம், முனையில் மாற்றம் தொடங்கிய நேரம், நிலைபெற்ற வாட் ஆகிய மூன்றையும் குறிக்க வேண்டும். அடுத்து வோல்ட்-வார் வளைவை அனுப்பி, அதன் புள்ளிகளை இன்வெர்ட்டரிலிருந்தே படித்து ஒப்பிட வேண்டும். கடைசியாக, 30 சதவீத வரம்பு அமலில் இருக்கும்போதே இணைய வயரைப் பிடுங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அந்தக் கடைசிப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். இணைப்பு அறுவது விதிவிலக்கு இல்லை, அன்றாடம். ரூட்டர் மாறும், வைஃபை கடவுச்சொல் மாறும், சிம் காலாவதியாகும். 2030.5 வகுத்தபடி, ஒரு கட்டளை என்பது தொடக்க நேரமும் கால அளவும் உள்ள நிகழ்வு. அதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்ட இன்வெர்ட்டர், இணைப்பு அறுந்தாலும் அந்த நிகழ்வை முடித்துவிட்டு இயல்பு அமைப்புக்குத் திரும்ப வேண்டும். ஆனால் நடுவில் அக்ரிகேட்டர் இருக்கும்போது அந்த நிகழ்வு கிளவுட்டிலேயே தங்கிவிடலாம். இன்வெர்ட்டருக்குப் போவது 'இப்போது 30 சதவீதம்' என்ற ஒற்றைச் சொல் மட்டும். விடுவிப்பு வந்து சேருமுன் இணைப்பு அறுந்தால், அந்த வீடு வாரக்கணக்கில் 30 சதவீதத்திலேயே ஓடும். மின் கட்டணம் வரும் வரை வீட்டுக்காரருக்குத் தெரியாது. இன்வெர்ட்டரோடு நேரடியாகப் பேசும் சன்ஸ்பெக் மோட்பஸ் என்ற நெறிமுறையில் இதற்கென்றே, வரம்பு எத்தனை விநாடியில் தானாக விலக வேண்டும் என்று எண்ணை எழுதிவைக்கும் இடம் (ரெஜிஸ்டர்) இருக்கிறது. அதைப் பூஜ்யமாக விட்டுவிட்டால் வரம்பு தானாக விலகவே விலகாது. அதுதான் வினை.

தெற்கு ஆஸ்திரேலியா இதில் தெளிவாக நடந்துகொண்டது. 2020 செப்டம்பர் 28 முதல், புதிய கூரை அமைப்பு ஒவ்வொன்றையும் தொலைவிலிருந்து துண்டித்து மீண்டும் இணைக்கும் பொறுப்புள்ள முகவர் ஒருவர் பதிவாக வேண்டும் என்று அங்கே விதி வந்தது. பின்னர், வீட்டிலிருந்து மின்கட்டமைப்புக்கு அனுப்பும் அளவை நேரத்துக்கேற்ப மாற்றும் நெகிழ்வு ஏற்றுமதித் திட்டம் வந்தது. அதில், இணைப்பு அறுந்தால் ஏற்றுமதி வரம்பு 1.5 கிலோவாட்டுக்கு இறங்க வேண்டும். அந்த எண் கூடுதலா குறைவா என்று விவாதிக்கலாம். ஆனால் எண் ஒன்று இருக்கிறது, அது விதியிலேயே இருக்கிறது. எழுதாமல் விட்டால், தயாரிப்பாளர் எந்த எண்ணை வைத்து அனுப்பினாரோ அதுவே மின்கட்டமைப்பின் விதியாகிவிடும்.

விடுவிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 1547-2018-இன்படி, வரம்புக் கட்டளைக்குச் சூரிய இன்வெர்ட்டர் 30 விநாடிக்குள் இணங்க வேண்டும். பழுதில் துண்டித்து மீண்டும் சேரும் இன்வெர்ட்டருக்கு 300 விநாடி காத்திருப்பும், அதற்குப் பின் 300 விநாடியில் மெல்ல ஏறுவதும் அந்தத் தரத்தின் இயல்பு அமைப்பு. வரம்பிலிருந்து விடுபடும் இன்வெர்ட்டர் துண்டிக்கப்படவே இல்லை என்பதால், அந்த நிதானம் அதற்குத் தானாகப் பொருந்தாது. ஒரே அக்ரிகேட்டரிடம் 5 கிலோவாட் இன்வெர்ட்டர்கள் 50,000 இருந்து, எல்லாம் ஒரே நொடியில் பூஜ்யத்திலிருந்து முழு உற்பத்திக்குத் தாவினால், அது 250 மெகாவாட் நிலையம் ஒன்று கணத்தில் முளைப்பதற்குச் சமம். தொடக்க நேரத்தைச் சிதறவைக்கவும் ஏறும் வேகத்தைக் குறிக்கவும் 2030.5-இல் வசதி உண்டு. அவற்றை நிரப்பாத கட்டளையை அக்ரிகேட்டர் ஏற்கவே கூடாது என்று விதி சொல்ல வேண்டும்.

எந்த வீடு எந்த ஃபீடரில் இருக்கிறது என்ற பட்டியல் மின் நிறுவனத்தின் கையில்தான் இருக்க வேண்டும். பராமரிப்புக்காக ஃபீடரை மாற்றி இணைக்கும் நாளில், அக்ரிகேட்டர் தன்னிடம் உள்ள பழைய நகலை வைத்துக் கட்டளையைப் பிரித்தால், பாரம் ஏறிய ஃபீடர் அப்படியே இருக்க, பக்கத்து ஃபீடர் குறையும்.

தொலைவிலிருந்து மாற்றும் வசதியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜெர்மனியில் பழைய இன்வெர்ட்டர்கள் எல்லாம், மின்கட்டமைப்பின் அதிர்வெண் இயல்பான 50-இலிருந்து 50.2 ஹெர்ட்ஸுக்கு ஏறினால் ஒருசேர அணையும்படி அமைக்கப்பட்டிருந்தன. 2012-இல் தனி ஆணை போட்டு, லட்சக்கணக்கான அமைப்புகளை ஆள் அனுப்பி ஒவ்வொன்றாக மாற்றவேண்டி வந்தது. ஹவாயில் 2015-இல் சுமார் 8 லட்சம் மைக்ரோ இன்வெர்ட்டர்களின் அமைப்பை அவற்றின் தயாரிப்பாளர் இணையம் வழியாகவே மாற்றிவிட்டார். எவ்வளவு பெரிய நன்மை! ஆனால் அதே கதவு வழியாகத் தவறான அமைப்பும் ஒரே நாளில் உள்ளே போகலாம் அல்லவா? 2030.5-இல் மின் நிறுவனம் சரிபார்க்கும் டிஜிட்டல் அடையாளச் சான்றிதழ் அக்ரிகேட்டருடையது மட்டுமே. அந்தச் சான்றிதழ் திருடப்பட்டு, மின் நிறுவனம் அதைத் தன் பட்டியலிலிருந்து நீக்கினாலும், அக்ரிகேட்டரின் கிளவுட்டுக்கும் வீடுகளுக்கும் உள்ள பாதை திறந்தேதான் இருக்கும். அதனால் துண்டிப்பு எல்லைகளும் அதிர்வெண் அமைப்புகளும் இன்வெர்ட்டருக்குள்ளேயே தனிப் பூட்டில் இருக்க வேண்டும். அன்றாட வரம்புக் கட்டளை அனுப்பும் கணக்கால் அவற்றைத் தொட முடியக் கூடாது. இன்வெர்ட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப்பிப்பை முதலில் நூறில் ஒரு பங்கு இன்வெர்ட்டர்களுக்கு அனுப்பி, ஒரு வாரம் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்ப வேண்டும்.

அக்ரிகேட்டர் கடையை மூடினால் என்ன செய்வது என்பதையும் விதியில் இப்போதே எழுத வேண்டும். இன்வெர்ட்டரின் அணுகல் சாவிகள், மாடல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, கடைசியாக அமலில் இருந்த அமைப்புகள் ஆகியவற்றைப் பொதுவான கோப்பு வடிவில் வீட்டுக்காரரிடமும் மின் நிறுவனத்திடமும் 90 நாளுக்கு முன்பே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்குமுன் எல்லா வரம்பும் விலக்கப்பட்டு, இன்வெர்ட்டர் இயல்பு அமைப்பில் நிற்கிறதா என்று மேலே சொன்ன அதே மீட்டரை மாட்டி அளந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மின்விநியோகத் துறைப் பொறியாளர்கள் சிலர்