எல்லாவற்றையும் கோமா என்று எழுதாதீர்கள்

தமிழ் நாளிதழ், தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் மனைவியிடம் மருத்துவர் விவரத்தைச் சொல்லி முடித்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "கோமாதானே சிஸ்டர்? பத்து வருஷம் கழிச்சுக்கூட எந்திரிச்சிருக்காங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே" என்றார். வென்டிலேட்டர் தள்ளிய காற்றில் அவர் கணவரின் நெஞ்சு ஏறி இறங்கியது. கையைத் தொட்டால் சூடு. என்னத்தைச் சொல்ல?

கோமா கிரேக்கச் சொல். ஆழ்ந்த உறக்கம் என்று பொருள். இலியட் காவியத்தின் 14ஆம் காண்டத்தில் உறக்கத்தின் தெய்வம், தேவர்களின் அரசன் ஜீயஸ் மேல் மென்மையான 'கோமா'வைப் போர்த்துகிறது. அடுத்த காண்டத்திலேயே ஜீயஸ் எழுந்து மனைவியிடம் சண்டைக்குப் போகிறார். நம்முடைய 'துஞ்சு' அப்படியல்ல. தூங்கினாலும் துஞ்சல், செத்தாலும் துஞ்சல். 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' அங்கே படுத்துத் தூங்கியவன் இல்லை, இறந்துபோனவன். நீங்கள் கோமாவைத் துஞ்சலாக்கி வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் வார்டில் கோமாவுக்கு அளவு உண்டு. 1974இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் இருவர் வகுத்தது: கண் திறப்பு, பேச்சு, கை கால் அசைவு மூன்றுக்கும் சேர்த்து இப்போது 3 முதல் 15 வரை மதிப்பெண். 8, அதற்குக் கீழே என்றால் கோமா. பெரும்பாலும் அது சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. நோயாளி தேறுவார், இறப்பார், அல்லது கண் விழித்தும் தன்னினைவில்லாத நிலைக்குப் போவார். 1973இல் தாக்கப்பட்டு 2015இல் இறந்த மும்பைச் செவிலியரை '42 ஆண்டு கோமா' என்றே எழுதினார்கள். அவர் இருந்தது இந்த விழித்த நிலையில். 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே அதைப் பதிவு செய்திருக்கிறது. மூளைச்சாவோ சட்டப்படி மரணம். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துத்தான் அறிவிக்கிறோம்.

'ஆழ்மயக்கம்' என்று எழுதலாம்தான். ஆனால் வெயிலில் தலை சுற்றினாலும் நமக்கு மயக்கம்தானே, கோமாவே இருக்கட்டும். அடுத்த முறை 'கோமாவிலிருந்து மீண்டார்' என்று போடும்போது, மருத்துவரிடம் கேட்டு, எத்தனை நாள் கோமா, கண் திறந்தது எப்போது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்