பதில் சொல்ல ஒரு கெடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகி 369 வார்டுகளாகவும் பிரிந்தபின், வார்டுக் குறைகளைப் பேச மக்களும் உட்காரும் வார்டு கமிட்டிகளை எப்படி அமைப்பது என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். பழைய கமிட்டி ஒன்றில் உட்கார்ந்து எழுந்தவள் நான். எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது.

தொழிற்சாலை அலுவலகம் ஒன்றில் 31 வருடம் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தேன். வருகிற கடிதத்துக்கு நம்பர் போட்டு அந்தந்த செக்‌ஷனுக்கு அனுப்ப வேண்டும். பதில் போயிருக்கிறதா என்று வாராவாரம் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். போகவில்லையென்றால் பச்சைத் தாளில் ரிமைண்டர். மேனேஜராகவே இருந்தாலும் மேஜைக்குப் பச்சைத் தாள் போய்விடும். இந்தப் புத்தியோடுதான் வார்டு கமிட்டிக்குப் போனேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை கமிட்டி கூட வேண்டும் என்று 2018 டிசம்பரில் ஏற்பாடானது நினைவிருக்கலாம். கவுன்சிலர் தலைவர், கூடப் பத்து உறுப்பினர்கள். அதில் குறைந்தது மூன்று பேர் பெண்கள் என்பது விதி. எங்கள் வார்டில் அந்த மூவரில் ஒருத்தி நான். சம்பளம் கிடையாது, பஸ் காசும் கிடையாது. டீயும் மத்தூர் வடையும் உண்டு. வடை வரும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்த உறுப்பினரும் உண்டு, பெயர் வேண்டாம்.

2020 பிப்ரவரியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, ஒரு வருட வேலையை 14 பக்க அறிக்கையாக எழுதினோம். தெருத்தெருவாக நடந்து எடுத்த கணக்கு. எந்த மேன்ஹோலுக்கு மூடி இல்லை, எந்த விளக்குக் கம்பம் எரியவில்லை, பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாக்கடைப் பலகை எத்தனை அடிக்கு உடைந்திருக்கிறது, எல்லாம் இருந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது பத்தாவது பக்கம். விடியற்காலையிலேயே தெரு கூட்ட வரும் பௌரகார்மிகப் பெண்களுக்குக் கழிப்பறை போகவும் உடை மாற்றவும் வார்டில் ஓர் இடம் இல்லை. கல்யாண மண்டபம் ஒன்றின் வாட்ச்மேன் தயவு வைத்தால் உண்டு, முகூர்த்த நாளில் அதுவும் இல்லை. பூட்டிக் கிடந்த ஒரு பழைய பம்ப் அறையைத் திறந்து கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தோம். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத்து தடுமாறும். எதிர்வீட்டுப் பெண் கல்லூரிக்கு லீவு போட்டு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்ட அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "நோடோணம்மா" என்றார், கன்னடத்தில் பார்க்கலாம் அம்மா என்று. அடுத்த மாதம் கொரோனா வந்து கூட்டமே நின்றது. சரி, அதற்கு யாரும் பொறுப்பில்லை. செப்டம்பர் 10-ஆம் தேதி மாமன்றத்தின் ஐந்து வருடமும் முடிந்தது. கவுன்சிலர் இடத்தில் நோடல் ஆபீசர் என்று ஒரு பொறுப்பு அதிகாரி வந்தார், அப்புறம் வேறொருவர் வந்தார். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லோரும் நோடோண என்றார்கள். பம்ப் அறை கிடையாது என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால்கூட, ஏன் என்று கேட்டிருப்பேன். பள்ளிக்கூடத்துப் பலகை மட்டும் ஒரு நாள் புதிதாகிவிட்டது. எங்கள் அறிக்கையாலா, யாரோ பெரிய மனிதர் அந்தப் பக்கம் வந்ததாலா என்று இன்றுவரை தெரியாது.

போன வருடம் மகள் வீட்டுக்கு, கலிஃபோர்னியாவில் சாண்டா கிளாரா கவுண்டிக்குப் போயிருந்தேன். கவுண்டி என்றால் நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டம் போல. மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் கொண்ட வாரியம் அதை நடத்துகிறது. பொதுமக்களில் இருந்து எடுத்த ஆலோசனைக் குழுக்கள் பல உண்டு. வழக்கமான கூட்டமென்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்டிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். இதையெல்லாம் சொன்னவர் மகளின் பக்கத்து வீட்டில் இருக்கும் ஒரு மலையாளி அம்மா, ரிட்டையரான நர்ஸ். அவர் சிவில் கிராண்ட் ஜூரி என்ற ஒன்றில் ஒரு வருடம் இருந்தவர்.

அது இன்னொரு விதம். சாதாரண ஜனங்களில் 19 பேரை நீதிமன்றம் நியமிக்கிறது. கவுண்டி, நகராட்சி, பள்ளி நிர்வாகம் எதையும் அவர்கள் துருவிப் பார்க்கலாம், சிறைச்சாலை உட்பட. உள்ளே பேசியது ரகசியம். எவ்வளவு கிண்டியும் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. ஆனால் அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அறிக்கை போன வாரியம் 90 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஒவ்வொரு சிபாரிசுக்கும் நாலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: செய்துவிட்டோம், இன்ன காலத்துக்குள் செய்வோம், இன்னும் ஆராய வேண்டும் (அதற்கும் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது), செய்யப் போவதில்லை (காரணம் இது). நோடோண அந்தப் பட்டியலில் இல்லை! கேட்டதும் எனக்கு என் பச்சைத் தாள்தான் ஞாபகம் வந்தது.

அங்கே எல்லாம் நடந்துவிடுகிறது என்று சொல்ல வரவில்லை. செய்ய மாட்டோம் என்று காரணத்தோடு வந்த பதில்களும் நிறைய என்று அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார். நம் கமிட்டிகளிலும் குறை இருந்தது. பாதிப் பேர் வரமாட்டார்கள், வந்தவர்களில் சிலருக்குத் தங்கள் வீட்டு முன் சாலை மட்டுமே கண்ணில் படும்.

ஆனாலும் புதிய கமிட்டிகளுக்கு விதி எழுதுகிறவர்கள் இதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். கமிட்டி எழுத்தில் கொடுக்கும் ஒவ்வொரு சிபாரிசுக்கும், பொறுப்பான அதிகாரி பெயரும் பதவியும் போட்டு 90 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை வார்டு அலுவலகத்து வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ பட்ஜெட்டோ வேண்டாம். ஒரு பதிவேடும், அதைப் புரட்ட ஒரு ஆளும் போதும்.

பம்ப் அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. 14 பக்கத்தை வாங்கியபோது போட்டுக் கொடுத்த இன்வர்ட் நம்பரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கமிட்டிக்கு விண்ணப்பம் கேட்டால், முழங்கால் வலியோடு மறுபடி போடுவேன்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு கமிட்டி உறுப்பினர்,
பெங்களூரு.