விளம்பர மோசடியும் சட்டத்தின் இடைவெளியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாரும் பார்க்காத இணைய விளம்பரத்தைப் பலர் பார்த்ததாகக் கணக்குக் காட்டிப் பணம் பறிக்கும் மோசடியை நம் சட்டம் எப்படி அணுகும் என்பதில் தெளிவு இல்லை. இது என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது.

அமெரிக்காவில் நடந்த 'மெத்பாட்' வழக்கு நாம் படிக்க வேண்டிய ஒன்று. ரஷ்யாவைச் சேர்ந்த அலெக்சாந்தர் ஜுகோவும் கூட்டாளிகளும் 2014 முதல் 2016 வரை, டாலஸ் உள்ளிட்ட இடங்களில் 1,900-க்கும் மேற்பட்ட சர்வர்களை வாடகைக்கு எடுத்து, மனிதர்களைப் போலவே அவற்றை நடிக்க வைத்தனர். அவை மவுஸை நகர்த்தின, பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்தன, வீடியோவைப் பாதியில் நிறுத்தின, ஃபேஸ்புக்கில் நுழைந்திருப்பதாகவும் காட்டிக்கொண்டன. விளம்பரதாரர்கள் இழந்தது 70 லட்சம் டாலருக்கும் மேல். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றும் ஏமாந்தவர்களில் அடக்கம் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. 2021-இல் ஜுகோவுக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் எவருடைய கணினிக்குள்ளும் அத்துமீறி நுழையாததால், கணினிக் குற்றச் சட்டத்தை நம்பாமல், 1952-இல் வந்த தொலைத்தொடர்பு வழி மோசடிச் சட்டத்தையும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தையும் கொண்டே அரசுத் தரப்பு வென்றது.

இங்கே நிலைமை சிக்கலானது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் கணினி உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்யப்படும் செயல்களையே குறிப்பதால், வாடகை சர்வரில் நடக்கும் மோசடிக்கு அவை எளிதில் பொருந்தா; இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் ஏமாற்றுப் பிரிவான 318(4)-தான் வழி, அதற்கு ஏழாண்டு வரை சிறை. ஆனால் பிறர் கணினிகளில் வைரஸை ஏவி இதே மோசடியைச் செய்பவர் மீது 66-ஆவது பிரிவு பாயும். அதற்கு அதிகபட்சம் மூன்றாண்டுதான், ஜாமீனும் உண்டு. 66-ஆவது பிரிவுக்குள் அடங்கும் செயலுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் ஏமாற்றுப் பிரிவைச் சேர்க்க முடியாது என்று 2018-இல் மும்பை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியதைக் காட்டி, பெரிய குற்றவாளி சிறிய தண்டனையோடு தப்ப வாதிட இடம் இருக்கிறது.

கணினிக்குள் அத்துமீறுவது ஒரு குற்றம், அதைக் கொண்டு விளம்பரதாரரை ஏமாற்றுவது தனிக் குற்றம், இரண்டுக்கும் சேர்த்தே வழக்குத் தொடரலாம் என்று நாடாளுமன்றம் ஒரு விளக்கத்தைச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி