அந்த இருநூறு வெள்ளிப் பெட்டி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே சிங்கப்பூர் வீட்டில் மூவரும் நலம். பாட்டிக்கு மழை நாளில் முட்டி வலி கொஞ்சம் கூடுகிறது, மற்றபடி சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கின்றன. பெர்த்தில் குளிர் குறைந்துவிட்டதா? ஈரத் தலையோடு வேலைக்குக் கிளம்பாதே.

போன மாதம் கூப்பிட்டபோது ஒன்று கேட்டாய். "தீபாவளிக்கு நம் வீட்டு டிவிக்கு, இணையத்தில் வரும் படங்களைக் காட்டும் ஆப்பிள் பெட்டி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்மா. இருநூறு சிங்கப்பூர் வெள்ளி கொடுக்கலாமா, இல்லை அதே வேலையைச் செய்யும், டிவியில் செருகுகிற எண்பது வெள்ளி ஸ்டிக்கே போதுமா?" என்றாய். நான் உடனே "எதுக்குப்பா வீண் செலவு" என்று சொல்லிவிட்டேன். அது யோசித்துச் சொன்ன பதில் இல்லை. காசு என்றதும் வாயில் வந்துவிட்டது. அப்புறம் மனசு கேட்கவில்லை. உன் பெரியம்மா வீட்டு அண்ணனிடம் சொல்லி அவனுடைய ஆப்பிள் டிவி 4கே பெட்டியை இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். வீடு புதுப்பிக்கும் வேலை நடப்பதால் அவன் டிவியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறான். எதிர்வீட்டு அக்கா இந்த ஆண்டு வாங்கிய ஸ்டிக்கையும் ஒரு சனி ஞாயிறு கேட்டு வாங்கினேன். நம் பழைய ஸ்டிக் ஏற்கெனவே இருக்கிறது. மூன்றையும் ஒரே டிவியில் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினான்கு ஆண்டு நான் தோ பாயோவில் டிவி தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். கடைசி ஒன்பது ஆண்டு படம் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். டிவிக்கு முன்னால் பெரிய கண்ணாடி ஒன்றை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் உட்காருவோம். கண்ணாடியில் தெரியும் படத்தைப் பார்த்தபடியே சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழும்வரை பின்னால் திருகுவோம். ஒரு மயிரிழை விலகினாலும் அந்த செட் திரும்பி வரும். அந்தப் பழக்கம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் படத்தைப் பற்றி நான் சொல்வதை நீ நம்பலாம்.

படத்தின் தெளிவில் வித்தியாசம் இல்லை. நம்முடையது 43 அங்குல டிவி, சோபா எட்டடி தள்ளி இருக்கிறது. ஒரே படத்தை ஆப்பிள் பெட்டியிலும் அக்காவின் ஸ்டிக்கிலும் 4கே என்னும் மிகத் தெளிவான அளவில் ஓட்டினேன். முகத்தில் இருக்கும் மயிர், புடவைச் சரிகை, இருட்டில் சுவரின் நிறம் எல்லாம் ஒன்றுதான். நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்குக் கேட்பது விநாடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம். நம் வீட்டு ஃபைபரில் அதைப்போல் பல மடங்கு வருகிறது. ஆகவே படம் நன்றாகத் தெரியும் என்பதற்காக மட்டும் யாராவது கூடுதலாக நூறு வெள்ளி கேட்டால் கொடுக்காதே.

ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசம் பார்த்தேன். கேமரா பக்கவாட்டில் மெல்ல நகரும்போது, வயல்வெளியைக் காட்டிக்கொண்டே போவார்களே, அந்தக் காட்சியில் ஸ்டிக்கில் படம் லேசாக உதறியது. காரணம் எளிது. சினிமா என்பது விநாடிக்கு 24 படம். டிவிக்கு அந்த ஸ்டிக் அனுப்புவது விநாடிக்கு 60. இருபத்துநான்கை அறுபதுக்குள் சமமாகப் பங்குபோட முடியாது. ஒரு படத்தை மூன்று தடவை காட்டும், அடுத்ததை இரண்டு தடவை, மறுபடி மூன்று, மறுபடி இரண்டு. கண்ணுக்கு அது நொண்டி நடைபோலத் தெரியும். நம் ஊர் ஒளிபரப்போ விநாடிக்கு 50 என்ற கணக்கில் வருவது, அதனால் செய்தியின் அடியில் ஓடும் எழுத்திலும் அந்த நொண்டல் இருந்தது. ஆப்பிள் பெட்டியில் ‘உள்ளடக்கத்துக்கு ஏற்ப மாற்று’ என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டதும் படம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அந்தக் கணக்குக்கே டிவியை மாற்றிவிடுகிறது. மாறும் நேரத்தில் திரை ஒரு விநாடி கறுத்துத் திரும்பும், அவ்வளவுதான். ஸ்டிக்கிலும் அந்த மாதிரி ஓர் அமைப்பு இருந்தது, ஆனால் நாங்கள் பார்க்கும் செயலிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்பாவுக்கு இந்த வித்தியாசம் எத்தனை தடவை காட்டியும் தெரியவில்லை. தெரியாதவர்களுக்கு அதற்காகச் செலவு தேவையில்லை.

சரி, பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். என் மனம் மாறியது அவரால்தான்.

நம் பழைய ஸ்டிக்கை ஆன் செய்ததும் திரையின் மேல்பாதி முழுக்க ஏதோ ஒரு படத்தின் விளம்பரம்தான். நாம் கட்டாத சந்தாவின் படமாகவும் இருக்கும். அதன்கீழே வரிசை வரிசையாகப் போஸ்டர்கள். நமக்கு வேண்டிய செயலி எங்கோ நடுவில் ஒளிந்திருக்கும். நீயும் நானும் இரண்டு தடவை அழுத்திப் போய்விடுவோம். பாட்டிக்கு எண்பத்தாறு வயது. எழுத்தைப் படித்து அல்ல, இடத்தைப் பார்த்துத்தான் அவர் எதையும் கண்டுபிடிக்கிறார். அந்த இடம் தினமும் மாறினால் என்ன செய்வார்?

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் தேக்கா சந்தைக்குப் போய்விட்டு, பக்கத்தில் முஸ்தபாவிலும் கொஞ்சம் வேலை இருந்ததால் இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். பாட்டி சோபாவில் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திரையில் ஏதோ சந்தா கட்டச் சொல்லும் பக்கம். நாடகம் பார்க்கப் போய் விளம்பரத்தின்மேல் அழுத்தியிருக்கிறார். வெளியே வரத் தெரியவில்லை. இன்னொரு பொத்தானை அழுத்தினால் காசு போய்விடுமோ என்ற பயம் வேறு. போன் பண்ணியிருக்கலாமே என்று கேட்டேன். "நீ வேலையா போயிருக்கே, தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேன்" என்றார். அன்றைக்கு எனக்குச் சமையலே ஓடவில்லை.

அண்ணனின் பெட்டியை மாட்டிய நாள், முதல் திரையில் நாங்கள் பார்க்காததையெல்லாம் எடுத்துவிட்டேன். முதல் இடத்தில் நம் ஊர் சேனல்கள் வரும் மீவாட்ச், அடுத்து தமிழ்ப் படங்களுக்கு சன் நெக்ஸ்ட், அடுத்து யூடியூப். அங்கே வைத்தது அங்கேயே இருக்கிறது. முழுக்க விளம்பரமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ரிமோட்டில் டிவி படம் போட்ட பொத்தானை அழுத்தினால் ஆப்பிளின் சொந்தச் செயலி திறந்து அவர்களுடைய படங்களைக் காட்டியது. அமைப்புக்குள் போய் அந்தப் பொத்தானை முதல் திரைக்கே வரும்படி மாற்றினேன். ரிமோட்டின் வட்டம் தொட்டாலே நகரும். பாட்டியின் விரல் நடுக்கத்துக்கு அது ஒத்துவரவில்லை. அழுத்தினால் மட்டும் நகரும்படி அதையும் மாற்றலாம், மாற்றிவிட்டேன். மூன்றாம் நாள் நான் அடுப்படியில் இருந்தபோது கூடத்தில் நாடகத்தின் பாட்டு கேட்டது. பாட்டி தானே போட்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டவும் செய்தார்.

இதற்கு எவ்வளவு வெள்ளி கொடுக்கலாம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்கிறேன். நம் ஸ்டிக்கை 2022ல் வாங்கினோம். இப்போது அது ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போக மூச்சு வாங்குகிறது. அட்டையில் 8 ஜிபி இடம் என்று போட்டிருந்தாலும் அதில் பாதியை அதன் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்கிறது. இடமில்லை, இடமில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. எண்பது வெள்ளியை மூன்று ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வெள்ளி. ஆப்பிள் 2015ல் விற்ற பெட்டிக்கு 2025லும் புது மென்பொருள் வந்திருக்கிறது. நீ சொல்லும் பெட்டி 2022ல் வந்தது, உள்ளே ஐபோன் 13ல் இருக்கும் ஏ15 சில்லு. அது எட்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு இருபத்தைந்து வெள்ளி. விலை உயர்ந்தது என்று நான் நினைத்தது கடைசியில் ஸ்டிக்கின் விலைக்கே வந்து நிற்கிறது. குப்பையும் குறைவு.

அப்பாவின் நண்பர் ஒருவர் என்விடியா ஷீல்டு என்ற வேறொரு பெட்டியை வாங்கச் சொன்னார். அதுவும் 2015லிருந்து இருக்கிறது, அந்த முதல் பெட்டிக்கே 2025லும் புதுப்பிப்பு கொடுத்தார்கள். ஹார்ட் டிஸ்க்கில் படம் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல பெட்டி. நம் வீட்டில் அதற்கு வேலை இல்லை.

நீ இங்கே இருந்தபோது நாம் வாங்கிய அந்தக் கறுப்புப் பெட்டி நினைவிருக்கிறதா? பேர் தெரியாத கம்பெனி. எல்லா சேனலும் வாழ்நாள் முழுக்க இலவசம் என்று கடைக்காரர் சொன்னார், நான் நூற்றுப் பத்து வெள்ளி கொடுத்தேன். எட்டு மாதத்தில் சேனல் எல்லாம் போயிற்று, கடையின் போன் எண்ணும் போயிற்று. அட்டையில் 4கே என்று எழுதியிருந்தும் நெட்ஃபிளிக்ஸ் அதில் மங்கலாகத்தான் வந்தது. இப்போதுதான் காரணம் புரிகிறது. திருட்டு நகலைத் தடுக்க ஒரு டிஜிட்டல் பூட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டுக்குத் தகுந்த சான்று இல்லாத பெட்டிக்குப் பழைய டிவிடி அளவுத் தெளிவுக்குமேல் அனுப்ப மாட்டார்கள். அது போகட்டும். 2023லிருந்து ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொல்லிவருகிறார்கள். இப்படிப்பட்ட மலிவுப் பெட்டிகளில் சில தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீய மென்பொருளோடு வருகின்றன. நமக்குத் தெரியாமலே நம் வீட்டு இணையத்தை வேறு யாரோ தங்கள் வழியாகப் பயன்படுத்துவார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. அடுத்த மாதம் கூகல் நிறுவனம் இதைச் செய்யும் கூட்டத்தின்மேல் வழக்கே போட்டது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் அந்தக் கூட்டத்தின் பிடியில் இருந்தன என்று. அதே வைஃபையில்தான் அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார். படித்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

சட்டமும் இப்போது கடுமையாகிவிட்டது. 2021 நவம்பரில் இங்கே நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தில், திருட்டுத்தனமாகப் படமும் சேனலும் காட்டும் பெட்டிகளை விற்பதே குற்றம். அடுத்த ஆண்டு அக்டோபரில் சிம் லிம் சதுக்கத்தில் போலிஸ் சோதனை நடத்தி 17 பேரைக் கைது செய்தார்கள், 2,500க்கும் அதிகமான பெட்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். பெர்த்தில் உன் அறைத்தோழன் அப்படி ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னாயே, அவனிடம் பக்குவமாகச் சொல்.

உனக்கென்று நீ எதுவும் வாங்க வேண்டாம். உன் டிவி வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள்ளேயே எல்லாச் செயலியும் இருக்கின்றன. அது மெதுவாகும் நாளில் ஸ்டிக் ஒன்று வாங்கிக்கொள். டிவியின் திரைக்கு ஆயுள் அதிகம், உள்ளே இருக்கும் மூளைக்குத்தான் ஆயுள் குறைவு. 2010, 2011ல் வந்த சில டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் 2019 கடைசியில் நின்றுபோனது, ஆனால் அந்தத் திரைகள் நன்றாகத்தான் இருந்தன. செயலி நின்றது என்பதற்காக டிவியையே தூக்கிப் போடாதே.

நம் வீட்டுக்கு அந்தப் பெட்டியை வாங்கு. 64 ஜிபி போதும். அதில் இணையக் கேபிளுக்குத் துளை இல்லை, பரவாயில்லை. நம் இணையப் பெட்டி டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வைஃபை நன்றாக வருகிறது. டிவி திரையிலேயே முகம் பார்த்துப் பேசலாம் என்று நீ ஆசைப்பட்டாய். அதற்கு இங்கேயும் ஐபோன் வேண்டும். எங்கள் இருவரிடமும் இருப்பது வேறு போன். அதற்காக ஐபோனும் சேர்த்து வாங்க நினைக்காதே. இப்போது பேசுவதுபோல் கைபேசியிலேயே பேசுவோம். பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் நேர வித்தியாசமே இல்லை, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

அங்கே வாங்கி எடுத்து வராதே. ஆஸ்திரேலியாவின் பிளக் சாய்ந்த முள், நம் சுவரில் மூன்று சதுர முள். இங்கே வாங்கினால் உத்தரவாதமும் இங்கேயே இருக்கும். நீ பணம் அனுப்பு, பாதியை நான் போடுகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் அந்த அட்டைக்குள் வராதாம், அண்ணன் சொன்னான். அதை நான் முன்னாலேயே வாங்கி வைத்துவிடுகிறேன்.

பாட்டி நேற்று ஒன்று கேட்டார். புதுப் பெட்டி வந்தால் சன்னலோரம் இருக்கும் ஆன்டெனாவை எடுத்துவிடுவாயா என்று. 2019 பிறந்ததும் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்களே, அப்போது நீதான் அதை வாங்கிப் பொருத்தினாய். இணையம் போன நாளிலும் வசந்தம் தமிழ்ச் சேனல் அதில் வந்துகொண்டிருக்கிறது. எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா